பயந்துகொண்டே மலையேறியவர்

கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்புள்ள ஓர் ஆண்பிள்ளை, ஒரு பஸ் நிறைய ஆட்கள் கேட்க, "எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லி நான் முதன்முதலில் கேட்டது கம்பெனி பஸ்ஸில்தான்.

அப்போது நான் ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில் செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. காலை ஷிப்டுக்கு எங்கள் குடியிருப்புப் பகுதியான தாமானின் வாசலிலிருந்து பஸ் ஏற்றிக்கொண்டு போகும். அதை ஓட்டியவர்தான் அவர். தாமான் சாலையிலிருந்து பெரிய சாலைக்குத் திரும்பும் இடத்தில் வண்டியை நிறுத்துவார். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லோரிகள் ஒன்றையொன்று முட்டிக்கொள்வது போலப் போய்க்கொண்டிருக்கும். அவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் எங்களைப் பார்ப்பார்.

"எல்லாரும் உக்காந்தாச்சா? லோரி நெறைய வருது. எனக்குப் பயமா இருக்கு. கம்பியப் புடிச்சுக்குங்க."

நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அக்கா சிரிக்கவில்லை. தூக்கக் கலக்கத்திலேயே கையை நீட்டி முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் இருந்த எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் பஸ் நகர்ந்தது.

அவருக்கு அம்மா அப்பா வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டிலும் பிறகு கல்யாணப் பத்திரிகை ஒன்றிலும் அதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்களுக்கு அவர் பஸ் அண்ணன். மலாய்க்காரப் பெண்களும்கூட "அண்ணே" என்றுதான் கூப்பிட்டார்கள்.

தடித்த மீசை, முறம் போன்ற கை, கரகரத்த தொண்டை. புதிதாகப் பார்ப்பவர்கள் இரண்டடி தள்ளித்தான் நிற்பார்கள். கோயில் திருவிழாவில் கூட்டத்தை ஒழுங்குபடுத்த இளைஞர்கள் அவரை முன்னால் நிறுத்தப் பார்ப்பார்கள். யாருக்காவது அருள் வந்து ஆடத் தொடங்கினால் முதலில் பின்வாங்குகிறவர் அவராகத்தான் இருப்பார். நாய்க்குப் பயம். ஜொகூர் பாருவில் பேரங்காடிக்குப் போனால் லிஃப்ட்டுக்குப் பயம். மனைவியை மேலே அனுப்பிவிட்டுத் தான் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு வருவார். தொழிற்சாலைக்குத் தடுப்பூசி போட வந்த மிஸ்ஸியிடம் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே, "மிஸ்ஸி, எனக்குப் பயமா இருக்கு, எதாச்சும் பேசிக்கிட்டே குத்துங்க" என்றார். அந்தச் சின்னப் பெண் தன் பூனைக்குட்டியைப் பற்றி அவரிடம் சொல்லிக்கொண்டே குத்தினாள். பின்னால் வரிசையில் நின்ற இளைஞர்கள் கேலி செய்தார்கள். அவர் கோபப்படவில்லை. "உனக்குப் பயம் இல்லையா? நல்லதுப்பா. முன்னால போ" என்று தோளில் தட்டினார்.

காய்ச்சல் அடிக்கிறது, பசிக்கிறது என்பது போல அதையும் ஒரு சேதியாகத்தான் சொல்வார். அதில் வெட்கமும் இருக்காது, தன்மேல் இரக்கம் தேடுவதும் இருக்காது.

எனக்கு அது விநோதமாக இருந்தது. எங்கள் வீட்டில் அப்படிச் சொல்ல முடியாது. சின்ன வயதில் இடிக்குப் பயந்து ஒருமுறை அழுதேன் என்று, நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் என் அப்பா விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார். அதனால் எதற்கும் அசராத பெண் என்று ஒரு பெயரை நான் சிரமப்பட்டுச் சம்பாதித்து வைத்திருந்தேன். இரவு ஷிப்ட் முடிந்து தனியாக நடந்து வருவேன். மோட்டர் சைக்கிள் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்தேன். "இந்தப் புள்ளைக்குப் பயமே கெடையாது" என்று அத்தைமார்கள் சொன்னால் உள்ளுக்குள் குளிரும்.

ஓர் ஆண்டுக் கடைசி மழையில் தாமானுக்குப் பின்னால் இருந்த தாழ்வான சாலையில் தண்ணீர் ஏறி ஓடியது. எங்களுக்கு முன்னால் போன இன்னொரு கம்பெனியின் பஸ் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. அண்ணன் பஸ்ஸை நிறுத்தினார். சட்டை நனைய இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ரோடு எங்க முடியுது, வாய்க்கா எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல. எனக்குப் பயமா இருக்கு. நான் போக மாட்டேன்."

பின் சீட்டிலிருந்து ஒருவர் கத்தினார். "அலமாக்! அந்த பஸ்ஸு போவலையா? லேட்டானா நமக்குத்தான் சம்பளத்துல வெட்டுவான்."

அண்ணன் சாவியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "யாருக்குப் பயம் இல்லையோ அவங்க ஓட்டுங்க. நான் பின்னால உக்காந்து வர்றேன். பயந்துக்கிட்டே வர்றேன்."

யாரும் வரவில்லை. சுற்றுச் சாலையில் போய்த் தாமதமாகத்தான் சேர்ந்தோம். மேலதிகாரி அவரைக் கூப்பிட்டுக் காரணம் கேட்டாராம். "பயமா இருந்துச்சு சார்" என்றாராம் அண்ணன். 

முன்னால் போன அந்த பஸ்ஸுக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தது. அண்ணன் சொன்னதெல்லாம் நடந்தது என்று கதை சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. அவர் தீர்க்கதரிசி இல்லை. பயந்தவர், அவ்வளவுதான்.

சில வருடங்கள் போயின. நான் லைனில் சூப்பர்வைசர் ஆனேன், நூற்றைம்பது சிசி மோட்டர் ஒன்றை வாங்கினேன், பஸ்ஸில் போவதை விட்டேன். தாமானில் எங்களுக்குப் பக்கத்துத் தெருவில் குமரேசன் இருந்தான். என்னோடு ஒரே பள்ளியில் படித்தவன். தினமும் விடிவதற்கு முன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். அந்தப் பாலத்தில் ஆயிரக்கணக்கான மோட்டர்களோடு முட்டி மோதிப் பழகியதால் எந்தச் சாலையும் அவனுக்குப் பெரிதில்லை. விடுமுறை நாட்களில் எங்கேயாவது மலைப்பக்கமாகப் போய்வர ஒரு சின்னக் கூட்டம் சேர்த்தான். நான் சேர்ந்தேன். வங்கியில் வேலை பார்த்த டேவிட் சார் சேர்ந்தார். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், சத்தமாகத் தும்மவும் யோசிப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெட்ரோல் நிலையத்தில் நாங்கள் மூவரும் நின்றுகொண்டிருந்தபோது, பழைய இருநூற்றைம்பது சிசி வண்டி ஒன்றில் பஸ் அண்ணன் வந்து இறங்கினார்.

"நானும் வரலாமா, தங்கச்சி?"

"அண்ணே, நீங்களா? மலைக்கா?"

"ஆமா. குமரேசன்தான் சொன்னான். ராத்திரி பூரா தூக்கம் வரல, பயத்துல" என்றார். சொல்லிக்கொண்டே கையுறையைப் போட்டுக்கொண்டார்.

அப்படித்தான் அவர் எங்களோடு வரத் தொடங்கினார். குளுவாங், லேடாங் மலையடிவாரம், மெர்சிங் போகும் காட்டுச்சாலை என்று மாதம் ஒரு முறையாவது போவோம். கடைசியாகத்தான் வருவார். எண்ணெய்ச் செம்பனைக் குலை ஏற்றிய லோரி எதிரே வந்தால் வேகத்தைக் குறைத்து ஓரமாக ஒதுங்கிவிடுவார். குரங்குக் கூட்டத்தைக் கண்டால் நின்றே விடுவார். அவருக்காகக் காத்திருப்பதே எங்களுக்கு ஒரு வேலையாக இருந்தது. குமரேசனுக்கு எரிச்சல்தான். "இந்த அண்ணன எதுக்குடா கூப்பிட்டோம்னு இருக்கு லா" என்று என்னிடம் சொல்வான். ஆனால் அவர் வராத மாதம் அவனே போன் செய்து ஏன் வரவில்லை என்று கேட்பான்.

நான் சொல்ல வந்தது நெகிரி செம்பிலானில் உள்ள புக்கிட் தாங்காவுக்குப் போன நாளைப் பற்றி. தாங்கா என்றால் மலாயில் படிக்கட்டு. அந்தச் சாலையில் போனால் ஏன் அந்தப் பெயர் என்று தெரியும். ஒரு வளைவுக்கு மேல் இன்னொரு வளைவு அடுக்கி வைத்தது போல இருக்கும்.

இருட்டோடு கிளம்பி, யோங் பெங் தாண்டி, சாஆவில் ஒரு கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். அதுவரைக்கும், அதற்குப் பிறகும் சிகாமட் வரைக்கும், இரண்டு பக்கமும் செம்பனைதான். சமதளமான, நேரான சாலை. அண்ணன் அங்கேதான் உற்சாகமாக வருவார். ஹெல்மெட்டுக்குள் பாடிக்கொண்டு வருவது அவர் தலையாட்டலில் தெரியும். கிம்மாஸ் தாண்டியதும் நிலம் மெல்ல மடிப்பு விழத் தொடங்கியது. கோலப்பிலாவுக்குப் பிறகு வயல்கள், அவற்றுக்குப் பின்னால் நீலமாக மலைகள். காற்று குளிர்ந்தது. ஜெலுபுவில் மதியச் சாப்பாடு. அந்த ஊர்ப் பக்கத்தில் சின்ன மிளகாயை அரைத்துத் தேங்காய்ப்பாலில் மஞ்சளாக ஒரு குழம்பு வைப்பார்கள். அண்ணன் கடைக்கார அம்மாவிடம் மூன்று தடவை காரமா காரமா என்று கேட்டார். அந்த அம்மா இல்லவே இல்லை என்று மூன்று தடவையும் சிரித்தார். ஒரு வாய் வைத்ததும் அண்ணனுக்குக் கண்ணீர் வழிந்தது. மீசையைத் துடைத்துக்கொண்டு, "பயந்தது சரிதான்" என்றார். ஆனால் தட்டை முழுக்கக் காலி செய்தார்.

மலையேறத் தொடங்கியதும் குமரேசன் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டான். டேவிட் சார் அவனுக்குப் பின்னால். நான், எனக்குப் பின்னால் அண்ணன். பாதி மலையில், சாலையோரம் அகலமான ஓர் இடத்தில் அவர் ஹார்ன் அடித்தார். திரும்பிப் பார்த்தேன். வண்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். நானும் நிறுத்தினேன்.

கீழே நாங்கள் ஏறி வந்த சாலை மூங்கில்களுக்கு நடுவே துண்டு துண்டாகத் தெரிந்தது. பள்ளத்தாக்கில் ஒரு மேகம் படுத்திருந்தது. எங்கோ தண்ணீர் விழும் சத்தம். அவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். வியர்த்திருந்தது. 

ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "இவ்வளவு பயந்துக்கிட்டு எதுக்குண்ணே வர்றீங்க? வீட்டுல நிம்மதியா இருக்கலாம்ல?"

"வீட்டுலயும் பயமாத்தான் இருக்கு, தங்கச்சி" என்றார். "அங்க பாக்குறதுக்கு ஒண்ணும் இல்ல."

சொல்லிவிட்டு அந்த மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரிக்கலாமா என்று யோசித்தேன். அவர் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

அங்கிருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்தில் தூறல் பிடித்தது. செங்குத்தான ஒரு வளைவில், உதிர்ந்து கிடந்த மூங்கில் இலைகள்மேல் என் பின் சக்கரம் வழுக்கியது. வண்டி எனக்குக் கீழே பக்கவாட்டில் ஓடியது. காலை ஊன்றினேனா, வண்டி தானாக நின்றதா, இன்றைக்கும் தெரியவில்லை. தடுப்புக்கு ஒரு கை தூரத்தில் நின்றிருந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் மர உச்சிகள்தான் தெரிந்தன. அண்ணன் பின்னால் வந்து நின்றார்.  நான் மூச்சை இழுத்து விட்டு மறுபடி கியர் போடும்வரை, மேலே இருந்து வரும் வண்டிகளுக்குத் தெரியும்படி விளக்கைப் போட்டுக்கொண்டு நடுச்சாலையில் நின்றார்.

உச்சியில் ஓர் ஓய்வுக் கொட்டகை இருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை கொட்டத் தொடங்கியிருந்தது. மாலை ஆக இன்னும் நேரம் இருந்தும், மேகம் இறங்கி இருட்டிவிட்டது. அந்தப் பக்கம் சிரம்பானுக்கு இறங்கும் சாலைதான் ஏறி வந்ததைவிட மோசம். பத்து அடிக்கு மேல் கண் தெரியவில்லை. சாலையின் ஓரத்தில் தண்ணீர் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடியது.

குமரேசன் வண்டியிலிருந்து இறங்கவே இல்லை. "இது நிக்காது. போலாம், போலாம். நான் நாளைக்கு விடியறதுக்குள்ள பாலம் ஏறணும்" என்றான்.

டேவிட் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கைகளை ஜாக்கெட் பைக்குள் விட்டிருந்தேன்.  இன்னொரு வளைவைப் பார்க்க என் உடம்பில் தெம்பு இல்லை. ஆனால் வாயைத் திறந்து அதைச் சொல்வதைவிடத் தடுப்பைத் தாண்டிக் குதிப்பது எளிது என்று அன்றைக்குத் தோன்றியது, உண்மையாகவே.

அண்ணன் தன் வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளி ஸ்டாண்டு போட்டார். சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்தார்.

"எனக்குப் பயமா இருக்கு. மழ கொறையட்டும். நான் இப்ப எறங்க மாட்டேன்."

"அண்ணே, ஒங்களுக்கு எப்பதான் பயம் இல்ல? ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன் மாதிரியா பேசுறீங்க?" குமரேசன் ஆக்ஸிலேட்டரை முறுக்கினான். பிறகு என்னைக் காட்டினான். "இந்தப் பொண்ணப் பாருங்க. ஒரு வார்த்த பேசுதா? அதுவே எறங்கும்."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வழுக்கியதைப் பார்த்த ஒரே ஆள் அவர். இந்தப் புள்ள கீழே என்ன ஆச்சு தெரியுமா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவர் பக்கம் நியாயம் சேர்ந்திருக்கும்.

"அது தைரியமான புள்ளப்பா" என்றார். "போறதுன்னா கூட்டிட்டுப் போ. நான் பயந்தவன். நான் இங்க இருக்கேன்."

நான் கைகளை ஜாக்கெட் பையிலிருந்து வெளியே எடுத்தேன்.

"எனக்கும் பயமா இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே அன்னியமாகக் கேட்டது. "கீழ ஒரு வளைவுல வழுக்கிட்டேன். விழுந்திருப்பேன்."

சொன்னதும் பயம் போய்விட்டது என்று எழுத ஆசை. போகவில்லை, இன்னும் கூடியது. ஆனால் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார முடிந்தது. டேவிட் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "உண்மையச் சொன்னா, எனக்கும்தான்" என்று எங்களுக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

குமரேசன் எங்கள் மூவரையும் பார்த்தான். "சரிதான் போங்க. நீங்க மூணு பேரும் இங்கயே குடித்தனம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அவன் பின்விளக்கு முதல் வளைவிலேயே மறைந்தது.

அண்ணன் எழுந்து நின்று அந்தத் திசையையே பார்த்தார். மழை நிற்கும்வரை உட்காரவில்லை. "கெட்டிக்காரன்தான். நல்லா ஓட்டுவான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். டேவிட் சார் பிஸ்கட் கொடுத்தபோது வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், தின்னவில்லை.

மழை சாரலாகக் குறைந்ததும் இறங்கினோம். அன்று அண்ணன்தான் முன்னால் போனார். அவர் முன்னால் போய் நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். ஒவ்வொரு வளைவிலும் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே போனார். எதைத் தேடுகிறார் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது.

நான்கைந்து வளைவுகள் கீழே, மூடிக் கிடந்த ஒரு டுரியான் பழக் கடையின் தகரக் கூரைக்கு அடியில் குமரேசன் நின்றுகொண்டிருந்தான். வண்டி அவன் பக்கத்தில் நேராக நின்றது. விழவில்லை, எங்கும் அடிபடவில்லை. கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றவன் எங்களைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"லைட்டு போயிடுச்சு" என்றான். "அதான் நின்னேன்."

அண்ணன் அவன் முகத்தைப் பார்த்தார், பிறகு வண்டியைப் பார்த்தார்.

"மழத்தண்ணி உள்ள போயிருக்கும்" என்றார். "இந்த மழைக்கு எந்த லைட்டுதான் எரியும்? ஒண்ணு செய்யலாம். நீ எனக்கு முன்னால போ. எனக்கு முன்னால ஒரு ஆள் போனாத்தான் தைரியமா இருக்கு. நான் பின்னாலேருந்து வெளிச்சம் காட்றேன்."

குமரேசன் வண்டியைக் கிளப்பினான். முன்விளக்கு பளீரென்று எரிந்து, எதிரே இருந்த பாறையையும் அதில் வழிந்த தண்ணீரையும் காட்டியது.

டேவிட் சார் ஹெல்மெட்டைச் சரிசெய்யக் குனிந்தார். நான் என் கையுறையைப் பார்த்தேன். அண்ணன், "மெதுவாப் போப்பா. எனக்குப் பயமா இருக்கு" என்றார். குமரேசன் தலையை ஆட்டினான். அடிவாரம் வரை மாட்டுவண்டி வேகத்தில் போனான்.

இந்தக் கதையை அண்ணன் யாரிடமும் சொல்லவில்லை என்பது பல மாதங்கள் கழித்து எனக்குத் தெரிந்தது. அவர் மனைவிக்கே தெரிந்திருக்கவில்லை. அந்த அண்ணி தையல் வேலை செய்தார். நான் பாவாடைச் சட்டை தைக்கக் கொடுக்கப் போகும்போதெல்லாம் கணவரைப் பற்றிப் புலம்புவார். சிங்கப்பூரில் பஸ் ஓட்டும் வேலை இரண்டு தடவை தேடி வந்ததாம். பாலத்து நெரிசலுக்குப் பயம் என்று போகவில்லையாம். "அந்தப் பயத்தால நாங்க இன்னும் இந்த வீட்டுலயே கெடக்கோம்" என்றார். அதில் உண்மையான கசப்பு இருந்தது. அவரோடு வாழ்வது சுலபமாக இருந்திருக்காது. மகளுக்குப் பினாங்கில் படிக்க இடம் கிடைத்தபோது, மூன்று நாள் வீட்டுக்குள் நடந்துகொண்டே, "எனக்குப் பயமா இருக்கு, எனக்குப் பயமா இருக்கு" என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். நான்காம் நாள் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனவரும் அவர்தான்.

"பயமா இருக்குன்னு சொல்லுவாரும்மா. வேணாம்னு சொல்ல மாட்டாரு" என்றார் அண்ணி. பாபினில் நூல் சுற்றிக்கொண்டே கொஞ்சம் யோசித்து, "சில நேரம் வேணாம்னும் சொல்லுவாரு. எது எப்பன்னுதான் எனக்கு இன்னும் தெரியல" என்றார்.

அண்ணனுக்கு நெஞ்சில் அடைப்பு என்று தெரிந்தபோது மகள் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஜொகூர் பாருவில் ஓர் ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை. முதல் நாள் மாலை நானும் குமரேசனும் பார்க்கப் போனோம். கட்டில் அவருக்குப் போதவில்லை, கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நாங்கள் இருக்கும்போதே டாக்டர் வந்தார், இளம் வயது, தமிழ்ப்பிள்ளைதான்.

"டாக்டர், எனக்குப் பயமா இருக்கு" என்றார் அண்ணன்.

"பயப்படாதீங்க அங்கிள். ஒண்ணும் இல்ல."

"அது இருக்கட்டும். ஒங்களுக்குப் பயமா இருக்கா?"

டாக்டர் மருந்துச் சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். குமரேசன் என் கையைக் கிள்ளினான். டாக்டர் அவரைப் பார்த்து, "கொஞ்சம்" என்றார். "எப்பவுமே கொஞ்சம் இருக்கும்."

"அப்ப சரி" என்று அண்ணன் தலையணையில் சாய்ந்தார். டாக்டர் போன பிறகு எங்களிடம் சொன்னார்: "இல்லன்னு சொல்லியிருந்தா வீட்டுக்குக் கெளம்பியிருப்பேன்."

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மாலையில் தாமானைச் சுற்றி நடப்பார். என்னைக் கண்டால் நிறுத்தி, இந்த மாதம் எங்கே போனீர்கள், மழையா, குரங்கு வந்ததா என்று விசாரிப்பார். நான் சொல்லச் சொல்ல, அங்கே இருப்பவர் போலவே முகம் மாறும். "அய்யோ. எனக்கு இங்கேயே பயமா இருக்கு" என்று ரசித்துக் கேட்பார்.

இரண்டு வருடம் அப்படி நடந்தார். பிறகு ஒரு நாள் தூக்கத்திலேயே போய்விட்டார்.

வீட்டு முன்னால் போட்ட கூடாரத்தில் பழைய பஸ் ஆட்கள் நிறையப் பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வேலையை விட்டுப் போனவர்கள், பேரப்பிள்ளை எடுத்தவர்கள், இரண்டு மலாய்க்காரப் பெண்கள். நான் உள்ளே போய் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தேன். அதுவரை அழாமல் இருந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாத்துக்கும் சொல்லுவாரே. கரப்பான்பூச்சிக்குச் சொல்லுவாரு, இடி இடிச்சா சொல்லுவாரு. நேத்து ஒரு வார்த்த சொல்லலையேம்மா. பக்கத்துலதான் படுத்திருந்தேன். சொல்லியிருந்தா எந்திரிச்சு உக்காந்திருப்பேன்ல?"



போன பள்ளி விடுமுறையில் நான், குமரேசன், டேவிட் சார் மூவரும் மறுபடி புக்கிட் தாங்காவுக்குப் போனோம். அவர் போன பிறகு அதுதான் முதல் தடவை. நல்ல வெயில். சாலையைப் புதிதாகப் போட்டிருந்தார்கள், கறுப்பாக வழவழவென்று கிடந்தது. உச்சியில் அதே கொட்டகையில் நின்று தண்ணீர் குடித்தோம். யாரும் அவரைப் பற்றிப் பேசவில்லை. யாரும் உட்காரவும் இல்லை. குமரேசன் வண்டியைக் கிளப்பினான். நாங்களும் கிளப்பினோம்.

புதுச் சாலை இழுத்துக்கொண்டு போனது. குமரேசன் வேகம் பிடிக்க, அவனை விடக் கூடாது என்று நான் பிடிக்க, எனக்குப் பின்னால் டேவிட் சார். ஒரு வளைவில் எதிரே காய்கறி லோரி ஒன்று பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. குமரேசனுக்கும் லோரிக்கும் நடுவே எவ்வளவு இடம் இருந்தது என்று நான் பார்த்தேன். அதே இடத்தில்தான் அடுத்து நான் போக வேண்டியிருந்தது. லோரிக்காரன் ஹார்ன் அடித்த சத்தம் மூன்று வளைவுகளுக்குக் கேட்டது. அப்போதும் வேகம் குறையவில்லை. யார் முதலில் குறைப்பது?

அடிவாரத்தில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினோம். மூன்று கிளாஸ் தே தாரேக் டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை. குமரேசன் கைகளை மேசைக்குக் கீழே வைத்திருந்தான். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

"பயந்துட்டேன்" என்றேன்.

 "மேலயே சொல்லியிருக்கலாம்ல?" என்றான் குமரேசன்.

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

"நான் சார் சொல்லுவாருன்னு பாத்தேன்" என்றான்.

டேவிட் சார் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.